செத்துப் போனதாகச் சொன்னார்கள்!

என் கல்லூரித் தோழன் ஒருவன் ஈரோட்டில் பார்சல் சர்வீஸ் நடத்துகிறான். பெயர் வேண்டாம், ஏற்கெனவே நொந்துபோயிருக்கிறான். பதினேழு லாரி, இருபத்து மூன்று புக்கிங் ஆபீஸ். மஞ்சள் மூட்டை, லுங்கி பேல், போர்வை பண்டல், நடுநடுவே யாராவது புதுப்பெண்ணின் சீர்வரிசை பீரோ. 2012-ல் இரண்டு பையன்களைப் பிடித்து எல்.ஆர். போட ஒரு சாஃப்ட்வேர் எழுதச் சொன்னான். (எல்.ஆர். என்றால் லாரி ரசீது. அது இல்லாமல் சரக்கு நகராது.) பையன்கள் 'ரூபி ஆன் ரெயில்ஸ்' என்ற சமாசாரத்தில் எழுதினார்கள். லாரிக்காரன் ரெயிலில் ஏறினான் என்று நாங்கள் கிண்டல் செய்தோம். நாலு மாதத்தில் ஓட ஆரம்பித்தது. அதன் பிறகு ஓடிக்கொண்டே இருந்தது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது ஊரே தலையைப் பிய்த்துக்கொண்டது. இவன் ஆபீஸில் ஒரு வாரத்தில் மாற்றி எழுதினார்கள். 2018-ல் இ-வே பில் வந்தது, அதையும் சேர்த்தார்கள். விஷயம் முடிந்தது.

2019-ல் புதிதாக ஒரு டெக்னிக்கல் லீட் வேலைக்குச் சேர்ந்தார். நல்ல பையன், கெட்டிக்காரன். வந்த பத்தாம் நாள் முதலாளி முன்னால் உட்கார்ந்து சொன்னார்:

"சார், ரெயில்ஸ் செத்துப் போச்சு சார். இப்ப யாரும் அதுல எழுதறதில்ல. ஸ்கேல் ஆகாது."

"ஸ்கேல் ஆகாதுன்னா?"

"நாளைக்கே ஒரு கோடி பேர் ஒரே நேரத்துல உள்ள வந்தா தாங்காது சார்."

ஒரு கோடி பேர் ஒரே நேரத்தில் பார்சல் போட வந்தால் முதலில் தாங்காதது சாஃப்ட்வேர் இல்லை, ஈரோடு. ஆனால் என் நண்பன் பயந்துவிட்டான். 'செத்துப் போச்சு' என்று படித்தவன் ஒருவன் சொன்னால் யார்தான் பயப்பட மாட்டார்கள்? நோட் ஜே.எஸ். என்பதில் பதினான்கு துண்டுகளாக, புதிதாக எழுத ஆரம்பித்தார்கள். இரண்டரை வருஷம். இரண்டு புது லாரி வாங்கும் காசு. முன்பு கீ-போர்டிலேயே தட்டி ஒரு நிமிஷத்தில் ரசீது கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்த புக்கிங் கிளார்க் பெரியவர், இப்போது மவுஸைப் பிடித்து எட்டு இடத்தில் கிளிக் செய்ய வேண்டியிருக்கிறது. "மொதலாளி, பழசு என்னங்க தப்பு பண்ணுச்சு?" என்று கேட்டாராம். இவனிடம் பதில் இல்லை. 2022-ல் லீட் பெங்களூருக்குப் போய்விட்டார், பயோடேட்டாவில் புதுப் புதுப் பெயர்களோடு, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சம்பளத்தில்.

எனக்கு அந்தத் தம்பி மேல் கோபமில்லை. அவர் வாயில் அந்த வாக்கியத்தை வைத்த கூட்டத்தின் மேல்தான் கோபம்.

நான் பி.காம். எனக்கு ஒரு வரி புரோகிராம் எழுதத் தெரியாது. ஆனால் பத்திரிகைக்காரன் என்பதால் நிறைய சாஃப்ட்வேர்காரர்களோடு உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன். கிரிக்கெட், அரசியல், சினிமா பற்றி இவர்கள் ஓரளவு நிதானமாகப் பேசுவார்கள். ஃப்ரேம்வொர்க் பற்றிப் பேச்சு வந்தால் போச்சு! ரஜினி-கமல் ரசிகர்கள் தோற்றார்கள். "ரெயில்ஸா? ஐயையே!" "ஜாவாவா? அதெல்லாம் கவர்ன்மென்ட் ஆபீஸுக்கு." "பி.ஹெச்.பி.யா? அசிங்கம்." இது எப்படி ஒருவனுக்கு அசிங்கமாக இருக்க முடியும் என்று கேட்டால், உங்களைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள்.

முதலில் அந்த வஸ்து என்ன என்று பார்த்துவிடலாம். நீங்கள் ஏதோ ஒரு இணையதளத்தில் பஸ் டிக்கெட் எடுக்கிறீர்கள். கண்ணுக்குத் தெரிகிற பக்கமெல்லாம் முன்கட்டு. பட்டனைத் தட்டியதும் உள்ளே கணக்குப் பார்த்து, டேட்டாபேஸில் எழுதிவைத்து, பதில் அனுப்புவது பின்கட்டு. கல்யாண மண்டபத்தின் சமையல்கட்டு மாதிரி. அங்கே அடுப்பு, அண்டா, ஜல்லிக்கரண்டி எல்லாம் தயாராக இருந்துவிட்டால், சமையல்காரர் அரிசி பருப்போடு வந்தால் போதும் இல்லையா? அந்தத் தயார் சமையல்கட்டுதான் ஃப்ரேம்வொர்க்.

ரெயில்ஸைச் செய்தவர் டேவிட் ஹைன்மையர் ஹான்சன் என்ற டென்மார்க்காரர். சிகாகோவின் 37சிக்னல்ஸ் கம்பெனிக்காக பேஸ்கேம்ப் என்ற மென்பொருளை எழுதினார். அதில் எங்கும் பயன்படக்கூடிய பகுதியைத் தனியே பிரித்தெடுத்து 2004 ஜூலையில் இலவசமாக வெளியிட்டார். ரூபி என்ற மொழி அதற்கு முன்பே, 1995-ல், ஜப்பானில் யுகிஹிரோ மட்ஸுமோட்டோ வெளியிட்டது. ஹான்சனின் யோசனை எளிமையானது: எல்லோரும் வழக்கமாகச் செய்வதை நான் முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறேன், நீ வழக்கத்துக்கு மாறாகச் செய்ய நினைத்தால் மட்டும் வாயைத் திற. உதாரணமாக, புரோகிராமில் நீங்கள் 'பெர்சன்' என்று எழுதினால், டேட்டாபேஸில் அதற்கான அட்டவணையின் பெயர் 'பீப்பிள்' என்று அதுவே புரிந்துகொள்ளும். ஆங்கில இலக்கணம் தெரிந்த ஃப்ரேம்வொர்க்! 2005-ல் கால் மணி நேரத்தில் ஒரு வலைப்பூ மென்பொருளைக் கட்டிக் காட்டி ஒரு வீடியோ வெளியிட்டார். பக்கம் பக்கமாக எக்ஸ்.எம்.எல். எழுதி முதுகு வளைந்திருந்த ஜாவாக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள்.

இங்கேதான் ஒன்றைச் சொல்ல வேண்டும். இன்று அடிவாங்குகிற ரெயில்ஸ்காரர்கள் அன்று அடித்தவர்கள். ஜாவா எழுதுகிறவனைக் குமாஸ்தா என்றார்கள். ரூபியில் எழுதுவது கவிதை என்றார்கள். விமர்சனம் செய்தவர்களுக்கு ஹான்சன் 2006-ல் ஒரு மேடையில் பெரிய எழுத்தில் திரையில் போட்டுக் காட்டிய பதில் இரண்டே வார்த்தை. இந்தப் பத்திரிகையில் அச்சடிக்க முடியாது. மனிதருக்கு வேகம் அதிகம். கார் பந்தயத்திலும் ஓட்டுகிறார், 2014-ல் லெமான்ஸில் தன் பிரிவில் ஜெயித்தார். ஆனால் அவர் ஒரு விஷயத்தில் நேர்மையானவர். தன்னுடையது அபிப்பிராயம் என்பதை மறைக்கவில்லை. 2012-ல் ரெயில்ஸை 'ஒமகாசே' என்று வர்ணித்தார். ஜப்பானிய ஓட்டலில் சமையல்காரர் தன் இஷ்டப்படி பரிமாறுவதைச் சாப்பிடுவது. நம்மூர் மெஸ்ஸில் இலை போட்டு உட்கார்ந்தால் அன்றைக்கு வைத்த குழம்புதான், அது மாதிரி. பிடிக்காவிட்டால் வேறு கடைக்குப் போ என்கிறார். அவர் போட்ட காசு, அவர் எழுதிய சாஃப்ட்வேர், அவர் கம்பெனி. தப்பாகப் போனால் நஷ்டமும் அவருக்கே.

'ஸ்கேல் ஆகாது' என்ற வாக்கியம் எங்கிருந்து வந்தது தெரியுமா? ட்விட்டரிலிருந்து. 2006-ல் ரெயில்ஸில் ஆரம்பித்தார்கள். கூட்டம் எதிர்பார்க்காத அளவுக்கு வந்தது. 2008 வாக்கில் அடிக்கடி படுத்துக்கொள்ளும். பறவைகள் சேர்ந்து ஒரு திமிங்கிலத்தைத் தூக்கிக்கொண்டு போகிற படம் வரும், பார்த்திருப்பீர்கள். 2010 உலகக் கோப்பை கால்பந்தின்போது மானம் போயிற்று. பின்கட்டைப் பகுதி பகுதியாக ஜாவா, ஸ்காலாவுக்கு மாற்றினார்கள். 2013 ஆகஸ்டில் ஜப்பானில் ஒரு கார்ட்டூன் படம் டி.வி.யில் போட்டபோது ஒரே விநாடியில் 143,199 ட்வீட்கள் குவிந்தன. சர்வர் அசையவில்லை. ஆக, அவர்கள் மாறியது சரி. ரூபி மெதுவான மொழி என்பதும் பொய்யில்லை. ஆனால் அவர்கள் எப்போது மாறினார்கள் என்று கவனியுங்கள். கூட்டம் வந்து கதவை உடைத்த பிறகு. என் நண்பனின் ஆபீஸில் கதவை உடைக்க யார் வந்தார்கள்? சாயங்காலம் ஐந்து மணிக்கு இருபத்து மூன்று கிளார்க்குகள்.

அதே ரெயில்ஸை வைத்துக்கொண்டு மாறாதவர்களின் கதையை ஏன் யாரும் டீக்கடையில் சொல்வதில்லை?

கனடாவின் ஒட்டாவாவில் டோபி லுட்கே என்ற ஜெர்மானியர் 2004-ல் பனிச்சறுக்குப் பலகை விற்க ஒரு கடை ஆரம்பித்தார். விற்பனைக்கான சாஃப்ட்வேர் எதுவும் பிடிக்காமல் ரெயில்ஸில் தானே எழுதினார். பலகையை விட சாஃப்ட்வேருக்கு மவுசு அதிகம் என்று தெரிந்ததும் 2006-ல் ஷாப்பிஃபை பிறந்தது. 2024-ல் அமெரிக்கத் தள்ளுபடி சீசனின் அந்த நான்கு நாளில் மட்டும் ஷாப்பிஃபை கடைகளில் 1,150 கோடி டாலருக்கு வியாபாரம் நடந்திருக்கிறது. நடு மையத்தில் அதே ரெயில்ஸ். 'ரூபி மெதுவாக இருக்கிறதா? சரி, ரூபியை வேகமாக்குவோம்' என்று தங்கள் ஆட்களை உட்கார வைத்து ஒய்ஜிட் என்ற கம்பைலரை எழுதி, ரூபிக்கே கொடுத்தார்கள். 2021 டிசம்பரில் வெளிவந்த ரூபி 3.1-ல் அது சேர்ந்தது. வீடு ஒழுகுகிறது என்றால் ஓடு மாற்றுகிற மனிதர்களும் உலகத்தில் உண்டு. ஃபேஸ்புக்கும் அசிங்கம் என்று எல்லோரும் திட்டிய பி.ஹெச்.பி.யை வீசி எறியவில்லை. அதை வேகமாக ஓட்ட வழி தேடியது.

கிட்ஹப் 2008-ல் ரெயில்ஸில் ஆரம்பித்தது. 2018-ல் மைக்ரோசாஃப்ட் 750 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. 'ரெயில்ஸ் செத்துவிட்டது' என்று சொல்கிறவர்கள், அந்தக் கருத்தோடு எழுதிய புரோகிராமைக் கொண்டுபோய் வைப்பது பெரும்பாலும் இந்த கிட்ஹப்பில்தான்!

தொலைவில் எதற்கு? நம் சென்னையில் 2010-ல் தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்க் ரெயில்ஸில் எழுதப்பட்டது. கிரீஷ் மாத்ருபூதமும் ஷான் கிருஷ்ணசாமியும் ஆரம்பித்தது. ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறி 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையில் மணியடித்தது. அதன் பெரிய போட்டியாளரான, டென்மார்க்கில் பிறந்த ஜென்டெஸ்க்கும் ரெயில்ஸில் எழுதப்பட்டதுதான். இரண்டு கடையிலும் ஒரே அடுப்பு. வாடிக்கையாளர் விலையைப் பார்த்தார், போன் எடுக்கிறார்களா என்று பார்த்தார். அடுப்பு என்ன பிராண்ட் என்று கேட்கவில்லை. டேலி எந்த மொழியில் எழுதப்பட்டது என்று எந்த ஆடிட்டராவது கேட்டு நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

ரெயில்ஸ் பெயரில் பதினாறாம் நாள் காரியம் எத்தனை தடவை முடிந்தது என்று எனக்குக் கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் பிணம் எழுந்து காபி கேட்டிருக்கிறது. 2024 நவம்பரில் எட்டாவது பதிப்பு வந்தது.

'அப்படியானால் ரெயில்ஸில் குறையே இல்லையா?' என்று ஒரு இன்ஜினீயர் தம்பி என்னை நெரிப்பது கேட்கிறது. இருக்கிறது தம்பி, நிறைய இருக்கிறது. திரைக்குப் பின்னால் அதுவே பல காரியங்களைச் செய்துகொள்வதால், தப்பு நடந்தால் எங்கே என்று தேடுவது கஷ்டம். பழைய பதிப்பிலிருந்து புதியதற்கு மாறுவது பிராணாவஸ்தை. கிட்ஹப் மாதிரிப் பெரிய இடத்துக்கே 3.2-லிருந்து 5.2-க்குப் போக ஒன்றரை வருஷம் ஆனது. ஆள் கிடைப்பதும் சில ஊர்களில் சிரமம்.

இன்னொன்று இதைவிடப் பெரிது. வெப் படிவத்தில் கேட்காத தகவலையும் யாராவது சேர்த்து அனுப்பினால், அதையும் அப்படியே டேட்டாபேஸில் எழுதிக்கொள்ளும் வசதி ரெயில்ஸில் முன்பு இருந்தது. வசதியா அது, திறந்த ஜன்னல்! 2012-ல் ஒரு ரஷ்ய இளைஞர் இதைச் சுட்டிக்காட்டினார். 'அது புரோகிராமரின் பொறுப்பு' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர் என்ன செய்தார் தெரியுமா? அந்த ஜன்னல் வழியாகவே கிட்ஹப்புக்குள் நுழைந்து, ரெயில்ஸின் சொந்தப் பெட்டிக்கே தனக்கு ஒரு சாவி போட்டுக்கொண்டார். அடுத்த நிமிஷம் எல்லோருக்கும் காது கேட்டது. 2013-ல் வந்த நான்காம் பதிப்பில் அந்த ஜன்னலை அடைத்தார்கள்.

பார்த்தீர்களா? அந்த இளைஞர் 'ரெயில்ஸ் செத்துப் போச்சு' என்று சொல்லவில்லை. இந்த இடத்தில் இந்த ஓட்டை, இதோ என் கை உள்ளே போகிறது என்றார். அது குறை. அதைக் கேட்காமல் விட்டது ரெயில்ஸ்காரர்களின் கர்வம். என் நண்பனின் லீட் அப்படி எதையாவது காட்டினாரா? எந்த ரசீது தாமதமானது, எந்தக் கணக்கு இடித்தது, எந்த நாளில் சர்வர் நின்றது, ஒரு பேப்பராவது? ஒன்றுமில்லை. அவருக்கு ரெயில்ஸ் பிடிக்கவில்லை. அதில் ஐந்து வருஷம் உட்கார்ந்தால் தனக்கு வெளியே மார்க்கெட் இருக்காது என்று பயம். பயம் நியாயமானது. வேளச்சேரிப் பக்கம் போனால் மாடிக்கு மாடி பயிற்சி நிலைய போர்டு, வருஷத்துக்கு ஒரு தடவை அதில் பெயர் மாறுகிறது. பையன்கள் கடன் வாங்கி அதைப் படிக்கிறார்கள். வேலைக்கு எடுக்கிறவர்களும் அந்தப் பெயர்களைத்தான் தேடுகிறார்கள். அந்தப் பயத்தை 'எனக்கு இது கற்றுக்கொள்ள வேண்டும் சார்' என்று சொல்லியிருந்தால் என் நண்பன் ஒரு கோர்ஸுக்குப் பணம் கட்டியிருப்பான். அதற்கு 'ஸ்கேல் ஆகாது' என்று கோட்டு சூட்டு மாட்டிவிட்டதில் இரண்டு லாரி போனது.

இதில் ஒரு வேடிக்கை. நோட் ஜே.எஸ்.ஸை 2009-ல் உருவாக்கிய ரையன் டால், 2018-ல் ஒரு மேடையேறி, அதில் தான் வருத்தப்படும் பத்து விஷயங்கள் என்று பட்டியல் போட்டுப் பேசினார். கையோடு டீனோ என்ற புதியதை அறிவித்தார். எங்கள் லீட் ஈரோட்டில் 'இதுதான் சார் எதிர்காலம்' என்று சொல்வதற்கு ஒரு வருஷம் முன்னால்! அதற்காக நோட் மோசம் என்று நான் சொல்லமாட்டேன். அதிலும் பெரிய பெரிய கம்பெனிகள் நன்றாக ஓடுகின்றன. செய்தவனுக்கே தன் பொருள் மேல் பத்து சந்தேகம் இருக்கும்போது, பயன்படுத்துகிறவனுக்கு ஒரு சந்தேகம்கூட வராதது எப்படி?

எங்கள் காமர்ஸில் தேய்மானம் என்று ஒன்று சொல்லித்தருவார்கள். வருமான வரிக் கணக்கில் வாடகைக்கு ஓடும் லாரிக்கு வருஷத்துக்கு 30 சதவீதம், கம்ப்யூட்டருக்கும் சாஃப்ட்வேருக்கும் 40 சதவீதம். ஏழெட்டு வருஷத்தில் புத்தகத்தில் ஏறக்குறைய ஒன்றுமே மிஞ்சாது. அதற்காக எந்த முதலாளியும் ஓடுகிற லாரியைப் பேட்டைக்கு எடைக்குப் போடுவதில்லை. இன்ஜினைத் திறந்து பார்ப்பார், டயரைத் தட்டிப் பார்ப்பார், மைலேஜ் எழுதிவைத்த நோட்டைப் புரட்டுவார். லாரி விஷயத்தில் இத்தனை கில்லாடியான என் நண்பன், சாஃப்ட்வேர் விஷயத்தில் டிரைவர் 'இந்த மாடல் ஓல்டு சார்' என்றதும் புதிய லாரிக்குக் கையெழுத்துப் போட்டான். அவனையும் திட்ட வேண்டும். திட்டினேன்.

உங்களில் பலர் சின்னதாக ஒரு தொழில் நடத்துவீர்கள். பள்ளிக்கூடம், கிளினிக், ஜவுளிக்கடை, சிட்ஃபண்ட். உங்களிடமும் ஒரு நாள் ஒரு தம்பி வந்து உட்காருவார். 'செத்துப் போச்சு' என்பார். எழுந்து ஓடாதீர்கள். "எது நின்னுபோச்சு, என்னைக்கு நின்னுபோச்சு, காட்டுப்பா" என்று கேளுங்கள். "மாத்தி எழுதி முடிக்கிற வரைக்கும் நீ இங்க இருப்பியா?" என்று கேளுங்கள். கவுன்டரில் உட்காருகிற ஆளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். அவர் கருத்தை எந்த டெவலப்பரும் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை, நாள் முழுக்க அதோடு குடித்தனம் நடத்துகிறவர் அவர்தான் என்றாலும். தம்பி ஓட்டையைக் காட்டினால், தாராளமாகச் செலவழியுங்கள்.

போன மாதம் ஈரோட்டுக்குப் போயிருந்தேன். ஆபீஸின் பின்னறையில், டயர் அடுக்கி வைத்திருக்கும் இடத்தில், ஒரு பழைய சர்வர் தனியாக ஓடிக்கொண்டிருந்தது.

"இது என்னடா?"

"பழைய ரெயில்ஸ்டா. பழைய எல்.ஆர். யாராவது கேட்டா எடுத்துக் குடுக்க வெச்சிருக்கோம். நிறுத்தச் சொல்லி மூணு வருஷமா சொல்றேன், எவனும் நிறுத்த மாட்டேங்கறான்."

அந்தப் பெரியவர் கவுன்டரிலிருந்து தலையை மட்டும் திருப்பி எங்களைப் பார்த்தார். அவர் முன்னால் இருந்த திரையில் எந்த சாஃப்ட்வேர் ஓடிக்கொண்டிருந்தது என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. மவுஸ் மட்டும் மேஜையின் ஓரத்தில், பில் கட்டுக்கு மேல் வெயிட்டாக உட்கார்ந்திருந்தது.